கிண்டில்ல கிரேக்க எழுத்து கட்டம் கட்டமா வருதா?

அழகன்குளத்துல ரோமானிய காசு கிடைச்சதைப் பாத்துட்டு பழைய கிரேக்கம் படிக்கணும்னு ஆசைப்படுற நம்ம ராமநாதபுரத்து ஆளுங்களுக்கு இது. 1982க்கு அப்புறம் கிரீஸ்ல ஒரே அழுத்தக்குறி முறை வந்துருச்சு, அதுல பிரச்சனை இருக்காது, ஆனா பழைய நூல்கள்ல ஒரே உயிரெழுத்து மேல மூச்சுக்குறி (முன்னாடி ‘ஹ’ ஒலி உண்டா இல்லையான்னு காட்டுறது), அழுத்தக்குறி, அடியில குட்டியா அயோட்டாங்கிற கிரேக்க எழுத்துன்னு மூணும் சேந்து வரும், சில ஃபான்ட்ல அது இல்லாம கட்டம்தான் தெரியும். ஃபைல் கெட்டுப்போச்சுன்னு அழிச்சுறாதீங்க. ஜென்டியம் பிளஸ்னு அருமையான ஃபான்ட், இலவசம்தான், அதை இறக்கி யூஎஸ்பில மாட்டி கிண்டிலோட ஃபான்ட்ஸ் ஃபோல்டர்ல போட்டுட்டு, புக்கைத் திறந்து ஃபான்ட் மெனுல அதைத் தொட்டா போதும். கிண்டில் மாதிரியே மின்னூல் படிக்கிற இன்னொரு கருவியான கோபோல அந்த ஃபோல்டர் இல்லைன்னா நீங்களே உருவாக்கிக்கங்க. ஸ்கேன் பண்ண பிடிஎஃப்க்கு மட்டும் இது உதவாது, ஈபப்பா, அதாவது படமா இல்லாம எழுத்தாவே இருக்குற மின்னூல் ஃபைலா, தேடி எடுங்க.