வாடைக்கு முன்னமே ஒயிலை மாற்றுங்கள்: 4 ஸ்ட்ரோக் படகு எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு

திருகோணமலையில் நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் படகு வைத்திருக்கிற பலர் ஏப்ரலில், கடல் அடங்கிச் சுற்றுலாக்காரர் வரத் தொடங்கும் நேரத்தில்தான் எஞ்சின் ஒயிலை மாற்றுகிறார்கள். சீசனைப் புது ஒயிலோடு தொடங்கலாம் என்ற நினைப்பு. என்னைக் கேட்டால் அது பிழையான நேரம். ஒக்டோபரில் படகைக் கரையேற்றும்போதே மாற்றிவிட வேண்டும். சீசன் முழுக்க ஓடிய ஒயிலில் கரி, ஈரம், பெற்றோல் எரிந்து உண்டாகிற அமிலம் எல்லாம் கலந்திருக்கும், அதை உள்ளேயே விட்டு வாடைக்காற்று முடியும் வரைக்கும் எஞ்சினை மூடி வைத்தால் அந்த அமிலம் பெயரிங்குகளில் ஊறிக்கொண்டே இருக்கும். நல்ல ஒயிலோடு தூங்கவிட்ட எஞ்சின் ஏப்ரலில் சுத்தமாக எழும்பும்.

100 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, அல்லது வருடத்துக்கு ஒருமுறை, எது முதலில் வருகிறதோ அது என்பதுதான் பெரும்பாலான கொம்பனிகள் சொல்கிற கணக்கு. புது எஞ்சின் என்றால் முதல் மாற்று 20 மணித்தியாலத்திலேயே வந்துவிடும். ஆனால் மணிக்கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். திமிங்கிலம் பார்க்க ஆழ்கடலுக்கு ஒரே வேகத்தில் ஓடுகிற எஞ்சின் வேறு, கரையிலிருந்து புறாத்தீவுக்குப் போய் அங்கே பவளப்பாறைக்குப் பக்கத்தில் குறைந்த வேகத்தில் உறுமிக்கொண்டு நின்றுவிட்டு வருகிற எஞ்சின் வேறு. கடல் தண்ணீரால் குளிர்வதால் வெளியிணைப்பு (அவுட்போட்) எஞ்சின் கார் எஞ்சின் அளவுக்குச் சூடாவதில்லை. குறுகிய ஓட்டத்தில் எரியாத பெற்றோலும் ஈரமும் ஆவியாகிப் போக நேரம் கிடைக்காமல் ஒயிலுக்குள்ளேயே தங்கிவிடும். ஒயில் கம்பியை இழுத்துப் பார்க்கும்போது அளவு முந்தினதைவிடக் கூடியிருந்தால், மணத்திப் பாருங்கள், பெற்றோல் மணக்கும். அப்படியென்றால் 100 மணித்தியாலம் வரை காத்திருக்காமல் அப்போதே மாற்றுங்கள், மாற்றிய பிறகும் அளவு ஏறினால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

இதெல்லாம் 4 ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு. பழைய 2 ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்களுக்கு மாற்றுவதற்கு எஞ்சின் ஒயில் என்று ஒன்றே கிடையாது, அது பெற்றோலோடு கலந்து எரிந்து போகிறது. நீங்கள் கீழே கியர் ஒயில் பகுதிக்குப் போங்கள்.

ஒயில் வாங்கும்போது காருக்கு வாங்கின மிச்சத்தை ஊற்றிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். போத்தலில் எஃப்சி-டபிள்யூ என்று போட்டிருக்க வேண்டும், படகின் 4 ஸ்ட்ரோக் எஞ்சினுக்கென்று சோதித்த ஒயில் அது, துருவைத் தடுக்கிற மருந்து அதில் உண்டு. நம்முடைய சூட்டுக்கு 10டபிள்யூ-30 என்ற தடிப்புள்ள ஒயில் பெரும்பாலான எஞ்சின்களுக்குப் பொருந்தும், எதற்கும் எஞ்சின் புத்தகத்தைப் பாருங்கள். எவ்வளவு ஊற்றுவது என்பதும் அதிலேயே இருக்கும், பில்டர் மாற்றினால் ஒரு அளவு, மாற்றாவிட்டால் இன்னொரு அளவு. ஒயிலோடு பில்டரும், வடிகால் ஆணிக்குப் புது வாசரும் வாங்கிவிடுங்கள். சின்ன வாசர்தானே என்று பழையதையே திரும்பப் போடுவதால்தான் பிறகு சொட்டுச் சொட்டாக ஒழுகுகிறது.

வேலை தொடங்க முன்னம் எஞ்சினை ஐந்து பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்க வேண்டும், சூடான ஒயில்தான் ஊத்தையையும் இழுத்துக்கொண்டு முழுதாக வடியும். கரையில் என்றால் தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டக் கூடாது, உள்ளே தண்ணீர் இறைக்கிற ரப்பர் இம்பெல்லர் உடனே கருகிவிடும். ஹோஸ் பைப்பில் மாட்டும் ரப்பர் மூடிகள் இருந்தால் தண்ணீர் எடுக்கும் துவாரங்களில் அதைப் பொருத்துங்கள், இல்லாவிட்டால் மேற்பக்கம் வெட்டின பிளாஸ்டிக் பரலில் நல்ல தண்ணீர் நிரப்பி எஞ்சினின் காலை, அதாவது புரொப்பெல்லர் இருக்கிற கீழ்ப்பகுதியை, அதற்குள் இறக்குங்கள். பின்பக்கத்தால் தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும், புரொப்பெல்லர் பக்கம் ஒருவரும் போக வேண்டாம். உள்ளே படிந்த உப்பும் இதோடு கழுவுப்பட்டுப் போகும். அப்புறம் நிறுத்திவிட்டு, சுவிட்சில் மாட்டியிருக்கும் பாதுகாப்புக் கயிற்றைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள்.

எஞ்சின் செங்குத்தாக நிற்க வேண்டும், சரிந்திருந்தால் அரைவாசி ஒயில் உள்ளேயே நின்றுவிடும். மேலே ஒயில் மூடியையும் திறந்து விடுங்கள், காற்றுப் போனால்தான் வேகமாக வடியும். வடிகால் ஆணி பல எஞ்சின்களில் பக்கவாட்டில், காலுக்கு மேலே இருக்கும். வெறுமனே கழற்றினால் ஒயில் கால் வழியாக ஓடி எல்லா இடமும் நாசமாகும். ஒரு தண்ணீர்ப் போத்தலை நீளவாக்கில் வெட்டிப் பீலி மாதிரி ஆணிக்குக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டு கழற்றுங்கள், நேரே வாளிக்குள் விழும். கடைசிச் சுற்றைக் கையால் திருப்பும்போது கவனம், ஒயில் நல்ல சூடு.

வடிகிற ஒயிலைக் கொஞ்சம் நின்று பாருங்கள். கறுப்பாக இருந்தால் பயமில்லை, அது தன் வேலையைச் செய்திருக்கிறது. பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, புது ஒயில் ஊற்றி அதை மறைத்துவிட்டுக் கடலுக்குப் போகாதீர்கள். இரண்டு விரலுக்கிடையில் தேய்த்துப் பாருங்கள், மணல் மாதிரி உலோகத் துகள் தட்டுப்பட்டாலும் அப்படித்தான், முதலில் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

பில்டரைக் கழற்றும்போது கீழே பழந்துணியைத் திணித்துக்கொள்ளுங்கள். பழைய ரப்பர் வளையம் பில்டரோடு சேர்ந்து வந்ததா என்று கட்டாயம் பாருங்கள், எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் பழையதின் மேல் புதியதை இறுக்கினால் ஓடும்போது ஒயில் முழுக்க வெளியே வந்துவிடும். புது வளையத்தில் விரலால் கொஞ்சம் ஒயில் பூசி, கையால் திருப்பி, ரப்பர் தொட்ட பிறகு பில்டரில் போட்டிருக்கிற அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். வடிகால் ஆணியையும் பலத்தைக் காட்டி முறுக்க வேண்டாம், அது இறங்குவது அலுமினியத்துக்குள், புரி போனால் பெரிய செலவு.

சொன்ன அளவுக்குக் கொஞ்சம் குறைவாக ஊற்றி, ஓரிரு நிமிடம் ஓட்டி, ஒயில் எச்சரிக்கை விளக்கு அணைகிறதா, எங்காவது ஒழுகுகிறதா என்று பார்த்து, நிறுத்தி ஐந்து நிமிடம் விட்டுக் கம்பியில் பாருங்கள். மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு மேல் கோட்டைத் தாண்டாமல் நிறுத்துங்கள். கூடினாலும் கூடாதுதான்.

அதோடு கியர் ஒயிலையும் மாற்றிவிடுங்கள். எஞ்சினின் காலில் கீழே ஒரு ஆணி, மேலே ஒரு ஆணி இருக்கும். கீழ் ஆணியை முதலில் கழற்றி, பிறகு மேல் ஆணி. புது கியர் ஒயிலைக் கைப்பம்பால் கீழ்த் துவாரத்தால்தான் ஏற்ற வேண்டும், மேலால் ஊற்றினால் உள்ளே காற்று அடைபட்டு நிற்கும். மேல் துவாரத்தால் குமிழி இல்லாமல் ஒயில் வந்ததும் முதலில் மேல் ஆணியைப் பூட்டுங்கள், பிறகு பம்பை எடுத்த கையோடு கீழ் ஆணியைப் பூட்டுங்கள், ஒயில் அதிகம் கீழே வராது. இங்கேயும் பழைய ஒயில் வெள்ளையாகக் கலங்கி வந்தால் தண்ணீர் புகாமல் தடுக்கிற சீல் போயிருக்கிறது. நம்முடைய கடலில் அதற்குப் பெரும்பாலும் காரணம் தங்கூசி என்கிற நைலோன் மீன்பிடி நூல்தான். புரொப்பெல்லரைக் கழற்றித் தண்டைப் பாருங்கள், அறுந்த தங்கூசி சுற்றிச் சுற்றி இறுகி சீலுக்குள் வெட்டிக்கொண்டு போயிருக்கும். கழற்றி எடுத்தால் மட்டும் போதாது, சீலையும் மாற்ற வேண்டும்.

பழைய ஒயிலை மணலில் புதைப்பதையும் வடிகானுக்குள் ஊற்றுவதையும் தயவுசெய்து விடுங்கள். மழைக்கு அது கடலுக்குத்தான் வரும். 2003இல் தேசியப் பூங்காவாக அறிவித்த புறாத்தீவின் பவளப்பாறையைக் காட்டித்தான் நாங்கள் உழைக்கிறோம். பழைய ஒயிலை மூடியுள்ள கலனில் ஊற்றி, பழைய ஒயில் சேர்க்கும் வாகன சேர்விஸ் ஸ்டேசனில் கொடுங்கள், வாங்கிக்கொள்வார்கள். பில்டரையும் ஒரு இரவு கவிழ்த்து வடியவிட்டு அதோடு கொடுக்கலாம்.

முடிந்ததும் எஞ்சின் மூடியின் உள்பக்கத்தில் மாற்றிய திகதியையும் மணித்தியாலத்தையும் மார்க்கரால் எழுதுங்கள், பற்றரி வயரைக் கழற்றுங்கள், எஞ்சினை நிமிர்த்தியே வையுங்கள், உள்ளே நிற்கிற தண்ணீர் தானாக வடிந்துவிடும். ஏப்ரலில் ஒயில் கம்பியை ஒருக்கால் பார்த்துவிட்டு ஸ்டார்ட் பண்ணினால் சரி.