ஒரு கடுகை 1.6 மைக்ரானில் ஸ்கேன் செய்ய

சிங்க்ரோட்ரான் டோமோகிராஃபி என்பது, வளையத்தில் சுற்றும் எலக்ட்ரான்கள் தரும் வலுவான எக்ஸ்ரேயில் சாம்பிளைச் சுழற்றிப் பல கோணங்களில் படமெடுத்து, அவற்றிலிருந்து கணினியில் முப்பரிமாணப் படத்தைக் கட்டுவது. அதில் படம் கலங்கலாக வந்தால் கேமராவைச் சந்தேகிக்கும் முன், சாம்பிளை ஒட்டிய பசையைப் பாருங்கள். பிக்சல் 1.6 மைக்ரான் என்றால், ஸ்கேன் முடியும்வரை சாம்பிள் அந்த அளவுக்குக்கூட நகரக் கூடாது. ஒரு தலைமுடியின் தடிமனில் அது ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு.

காய்ந்த கடுகு ஒன்றை எடுத்துக்கொள்வோம். விட்டம் சுமார் 2 மி.மீ. கேமராவின் பிக்சல் 6.5 மைக்ரான், அகலம் 2560 பிக்சல். 4 மடங்கு லென்ஸில் பிக்சல் 1.625 மைக்ரான் ஆகும், 4.16 மி.மீ. அகலம் படத்தில் விழும். கடுகு முழுதாக அடங்கும். 10 மடங்குக்கு ஆசைப்பட்டால் 1.66 மி.மீ.தான் தெரியும். ஓரம் வெளியே போய்விடுவதால் கிரே மதிப்புகளை (ஒவ்வொரு புள்ளியின் சாம்பல் அளவை) நம்பி அளக்க முடியாது.

பித்தளை ஊசியின் தலையில் ஒரு துளி எபாக்சி விட்டு, கடுகின் அடிப்பாகம் அதில் பதியும்படி வைத்து இரவு முழுக்கக் காயவிடுங்கள். மெழுகும் இருபக்க டேப்பும் வேண்டவே வேண்டாம். எக்ஸ்ரே பீம் பட்டால் அவை இளகும். ஈரமான சாம்பிளாக இருந்தால் மெல்லிய பிளாஸ்டிக் குழாயில் காற்றுப் புகாமல் மூட வேண்டும். இல்லையேல் உலர்ந்து சுருங்கிக்கொண்டே இருக்கும். சாம்பிளைச் சுழற்றும் ஸ்டேஜில் பொருத்தி அறைக்கதவை மூடியதும் அரை மணி நேரம் பொறுத்திருங்கள், வெப்பநிலை நிலைக்கட்டும்.

இந்தூர் இண்டஸ்-2 சிங்க்ரோட்ரான் வளையத்தின் இமேஜிங் பீம்லைன் (படமெடுக்க எக்ஸ்ரே வந்து சேரும் பாதை) போன்ற இடத்தில் இதற்கு 15 முதல் 20 கிலோ எலக்ட்ரான் வோல்ட் போதும். அந்த ஆற்றலில் கடுகு எக்ஸ்ரேயைக் கொஞ்சமாகத்தான் உறிஞ்சும். ஆகவே சாம்பிளுக்கும் சிந்திலேட்டருக்கும் (எக்ஸ்ரேயைக் கேமரா பார்க்கும் ஒளியாக மாற்றும் தகடு) நடுவே 5 முதல் 10 செ.மீ. இடைவெளி விடுங்கள், விதையுறையின் விளிம்புகள் பளிச்சென்று எழும். பிறகு கணினியில் ‘பகனின்’ (Paganin) வடிகட்டியை, அதாவது இந்த விளிம்பு விளைவைப் பொருளின் அடர்த்தி வேறுபாடாக மாற்றும் கணக்கை, போடும்போது அளவு மீறினால் அந்த விளிம்புகளே மழுங்கிவிடும்.

கடுகின் குறுக்கே சுமார் 1230 பிக்சல். அதை 1.57-ஆல் (π/2) பெருக்கினால் 1930; ஏறத்தாழ அத்தனை கோணங்களில் படம் வேண்டும். எனவே 180 டிகிரிக்கு 2000 படம் எடுக்கலாம். உயரம் 2160 பிக்சல், 16 பிட் என்றால் மொத்தம் 22 ஜிபி. மறுகட்டமைத்த முப்பரிமாணப் படம் 32 பிட்டில் 57 ஜிபி ஆகும், டிஸ்க்கில் முன்கூட்டியே இடம் ஒதுக்குங்கள். சாம்பிளை முழுக்க விலக்கிவிட்டு வெறும் பீமில் 50 படம், ஷட்டரை மூடி 20 படம் எடுங்கள்; பீமின் சீரின்மையையும் கேமராவின் இருட்டு அளவையும் கழிக்க இவை வேண்டும். வெறும் பீம் படத்தை ஸ்கேனுக்குப் பின்னும் எடுக்க வேண்டும். பீம் மெல்ல இடம் மாறும்.

சாம்பிளை இறக்குவதற்கு முன்பே ஒரு குறுக்குவெட்டை மறுகட்டமைத்துப் பாருங்கள். விளிம்புகளில் பிறை பிறையாகத் தெரிந்தால் சுழல்மையம் தவறு. மறுகட்டமைப்பில் அதை அரை அரை பிக்சலாக நகர்த்தினால் சரியாகும். வட்ட வட்டமாகக் கோடு விழுந்தால் சிந்திலேட்டரில் தூசி. துணியால் துடைக்காமல், உலர்காற்றால் ஊதுங்கள். மையத்தை எப்படி நகர்த்தியும் விளிம்பு இரட்டையாகவே நின்றால், 0 டிகிரி படத்தை மறுபடி எடுத்து முதலில் எடுத்ததிலிருந்து கழியுங்கள். கழித்ததில் கடுகின் ஓரம் கோடாகத் தெரிந்தால் அது அசைந்திருக்கிறது. புதிதாக ஒட்டி மீண்டும் எடுக்க வேண்டியதுதான்.