ஸ்லேட்டில் தமிழ் பிரெயில் எழுதுவது எப்படி?

பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் எழுத்துகளின் அட்டவணையை மனப்பாடமாகச் சொல்பவர்கள்கூட ஸ்லேட்டை (நடுவில் தாளை வைத்துப் புள்ளி குத்தும் இரட்டைத் தகடு) கையில் எடுத்ததும் முதல் சொல்லிலேயே திணறுவார்கள். எழுத்து மறந்துபோவதால் இல்லை, திசை குழப்புவதால். ஆறு புள்ளிகளின் எண்கள் (படிக்கும்போது இடது வரிசை மேலிருந்து 1, 2, 3, வலது வரிசை 4, 5, 6) உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

தாள் கெட்டியாக இருக்கட்டும், 140 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற தாள் அளவு) சரியாக வரும். கீல் இடது பக்கம், கட்டங்கள் உள்ள தகடு மேலே, குழிகள் உள்ளது கீழே, நடுவில் தாள். ஸ்டைலஸை (புள்ளி குத்தும் ஊசிமுனைக் கருவி) செங்குத்தாகப் பிடித்து அழுத்துங்கள், சாய்த்தால் கிழியும். பிளாஸ்டிக் ஸ்லேட் எனக்குப் பிடிக்காது, தாள் நழுவுகிறது, உலோகத்தில் வாங்குங்கள்.

இனிதான் விஷயமே. நாம் குத்துவது தாளின் பின்பக்கம், புள்ளி எழும்புவது முன்பக்கம், அதனால் வலமிருந்து இடமாக எழுத வேண்டும். ஒவ்வொரு எழுத்தையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் மனதில் திருப்பிப் பார்க்கச் சொல்வார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எண்களை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: கை போகிற திசையில் முதலில் வரும் வரிசை 1-2-3, அடுத்தது 4-5-6, படித்தாலும் சரி, எழுதினாலும் சரி. இதை விட்டுவிட்டால் தமிழில் வம்புதான், ஏனென்றால் திரும்பிப்போன எழுத்து பெரும்பாலும் இன்னொரு எழுத்தாகிவிடும். ல (1-2-3) திரும்பினால் ள (4-5-6). இ ஏ ஆகும், எ ஈ ஆகும், ஓ ஔ ஆகும். 'ஏழு' என்று நினைத்துக் குத்தினால் 'இடங' என்று நிற்கும்!

சரி, 'அம்மா' எழுதிப் பார்ப்போம். வலது ஓரக் கட்டத்தில் அ: 1. அடுத்து புள்ளிக்கு 4, அதாவது மெய்யெழுத்தின் புள்ளி மகரத்துக்கு முன்னால் வரும். அப்புறம் ம: 1-3-4. மறுபடி ம, கடைசியில் ஆ: 3-4-5. துணைக்கால், கொம்புக்கெல்லாம் தனிக் குறி கிடையாது, உயிரெழுத்தையே மெய்க்குப் பின்னால் போட வேண்டும். அச்சில் கொம்பு முன்னால் நிற்கும் 'கெ'கூட இங்கே க, பிறகு எ.

எழுதி முடித்ததும் தாளைக் கழற்றித் திருப்பி, இடமிருந்து வலமாக விரலால் தடவிப் பாருங்கள். தவறான புள்ளியை நகத்தால் அழுத்தித் தட்டையாக்கலாம், ஆனால் தடயம் விரலுக்குத் தெரியும். நான் புதிதாகவே எழுதிவிடுவேன்.

திசைத் தொல்லையே வேண்டாம் என்றால் பெர்கின்ஸ் பிரெயிலர் என்ற பிரெயில் தட்டச்சுப்பொறி இருக்கிறது, இடமிருந்து வலமாகவே அடிக்கலாம். ஆனால் கனமோ கனம், பையில் ஸ்லேட்டுக்குத்தான் இடம்.

பின்சேர்க்கை: எண் குறியும் (எண்களுக்கு முன்னால் போடுவது) ணகரமும் ஒன்றாக இருக்கிறதே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஆமாம், இரண்டும் 3-4-5-6தான். தமிழ்ச் சொல் எதுவும் ணகரத்தில் தொடங்காது, அதனால் சொல்லின் தொடக்கத்தில் வந்தால் எண் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.