மதில் மேல் கல் பதிக்கும்போது நடக்கும் தவறுகள்

காம்பவுண்ட் சுவரின் தலையில் கடப்பாவோ கிரானைட்டோ பதிப்பது மழைநீர் செங்கலுக்குள் இறங்காமல் இருக்கத்தான். ஆனால் கல் போட்ட பிறகும் ஐப்பசி மழையில் பூச்சு ஊறி, பெயின்ட் உரிந்து, உப்புப் பூத்து நிற்கும் சுவர்கள் தெருவுக்குத் தெரு உண்டு. குறை பெரும்பாலும் கல்லின் அடிப்பக்கத்தில் இருக்கும்.

முதல் தவறு, சுவரின் அகலத்துக்கே கல்லை வெட்டுவது. 9 அங்குலச் சுவர் இருபுறப் பூச்சோடு 10 அங்குலம் வரும். இரு பக்கமும் 2 அங்குலம் வெளியே நீள, கல் 14 அங்குலம் வேண்டும். நீட்டினால் மட்டும் போதாது: நீர் கல்லின் அடியை ஒட்டியே ஊர்ந்து சுவருக்கு வந்துவிடும். அதைத் தடுக்க, அடிப்பக்கத்தில் விளிம்பிலிருந்து 1 அங்குலம் உள்ளே, 10 மி.மீ. அகலம், 6 மி.மீ. ஆழத்தில் நீளவாட்டில் ஒரு காடி (சிறு பள்ளக்கோடு) வெட்ட வேண்டும். நீர் அங்கேயே சொட்டிவிடும். பதிப்பதற்கு முன் கட்டிங் மெஷினில் ஐந்து நிமிட வேலை. பதித்த பின் யாராலும் ஒழுங்காகச் செய்ய முடியாது. பக்கப் பூச்சையும் முன்பே முடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் கொத்தனார் கலவையை மேலே இழுத்துக் காடியை அடைத்துவிடுவார்.

ரசமட்டம் பார்த்துச் சமமாகப் பதிப்பதும் தவறுதான். 14 அங்குலத்துக்கு அரை அங்குலம் சரிவு, நம் வீட்டுப் பக்கமாக. சுவர் எல்லைக்கோட்டின் மேலேயே நின்றால் பக்கத்து மனைக்குள் கல்லை நீட்டாதீர்கள், வழக்கு வரும்.

கலவையை அங்கங்கே குத்தாக வைத்துக் கல்லை அழுத்தினால் அடியில் வெற்றிடம் விழும். தட்டினால் டொக்கு டொக்கென்று சத்தம் வரும், ஒருவர் ஏறி மிதித்தால் உடையும். 1:4 சிமென்ட் கலவையை (ஒரு பங்கு சிமென்ட், நான்கு பங்கு மணல்) முழுப்பரப்பிலும் பரப்புங்கள். அதற்கு முன் சுவர்த் தலையில் நீர்த்தடுப்புப் பூச்சு ஒன்று. கல்லுக்குக் கல் இணைப்பு என்றைக்காவது கசியும், அன்றைக்கு இதுதான் காப்பாற்றும். கற்களை நெருக்கி ஒட்டாமல் 6 மி.மீ. இடைவெளி விட்டு நிரப்புங்கள். சுவர் வெயிலில் விரிய இடம் கொடுத்து விட்ட விரிவு இடைவெளி இருந்தால் கல்லையும் அங்கேயே பிரிக்க வேண்டும்.

கேட் தூணுக்கு அளவு எளிது: 18 அங்குலத் தூண் பூச்சோடு 19, கல் 23க்கு 23. விளக்கு ஒயர் வரும் குழாயை மறந்துவிட்டு பின்னால் கல்லைத் துளைப்பதுதான் வழக்கமான கூத்து. குழாய் கல்லுக்கு மேல் ஓர் அங்குலம் நீண்டிருக்கட்டும், சுற்றிலும் சிலிகான் அடைக்கட்டும். சிந்திய சிமென்ட்டைப் போக்கக் கடப்பாவில் ஆசிட் ஊற்றாதீர்கள். அது சுண்ணாம்புக்கல், மேல்பரப்பு அரித்து வெளுத்துவிடும்.