கயாக்கா, சிறு படகா? திரும்பி வருவதை நினைத்து வாங்குங்கள்

மீன்பிடிக்கக் கயாக் (துடுப்பாலோ காலாலோ செலுத்தும் ஒடுங்கிய ஓடம்) வாங்கலாமா, சிறு படகு வாங்கலாமா என்று கேட்பவர்கள் எல்லாரும் போகும்போது எப்படி இருக்கும் என்றுதான் யோசிக்கிறார்கள். விடியற்காலை, தெளிந்த நீர், புதுத் தூண்டில். அந்த நேரத்தில் எதில் ஏறினாலும் சுகமாகத்தான் இருக்கும். நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது மூன்று கேள்விகள்தான். வெயில் ஏறித் தோள் கனத்து, காற்று எதிரே வீசும்போது எப்படிக் கரை சேர்வீர்கள்? கரை சேர்ந்ததும் அதை யார் தூக்குவார்? வீட்டுக்குப் போன பிறகு யார் கழுவுவார்? இந்த மூன்றுக்கும் உண்மையான பதில் சொல்லிவிட்டால் எதை வாங்குவது என்பது பாதி தெரிந்துவிடும்.

நான் கயாக் கட்சி. என் மைத்துனர் படகுக் கட்சி. அவரிடம் இருப்பது பதினான்கு அடி அலுமினியப் படகு, பின்னால் வெளியே மாட்டும் பத்துக் குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின். என்னிடம் இருப்பது மேலே உட்கார்ந்து செலுத்தும் பன்னிரண்டு அடி பிளாஸ்டிக் கயாக். இருவரும் ஒருவரையொருவர் கேலி செய்துகொள்வோம். ஆனால் யாராவது உண்மையாக ஆலோசனை கேட்டால் நான் சிலருக்குப் படகையும் அவர் சிலருக்குக் கயாக்கையும் சொல்லியிருக்கிறோம்.

காற்று

மற்ற எல்லாவற்றையும் விட இதற்குத்தான் அதிக இடம் கொடுப்பேன். அகன்ற மீன்பிடிக் கயாக்கைத் துடுப்பால் செலுத்தினால், அமைதியான நீரில் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகம் நீண்ட நேரம் தாங்கும். எதிர்க்காற்று மணிக்கு 20, 25 கிலோமீட்டரைத் தொட்டுவிட்டால் அதில் பாதி கிடைத்தாலே பெரிது. உயரமான இருக்கை, நிமிர்ந்து நிற்கும் தூண்டில் கோல்கள், பின்னால் பெட்டி என்று எல்லாமே காற்றைப் பிடிக்கும். அதனால் கயாக்கில் ஒரு பழைய ஒழுங்கு உண்டு: போகும்போது காற்றை எதிர்த்துப் போ, வரும்போது காற்றோடு வா. நேர்மாறாகச் செய்கிறவர்கள், உடம்பில் தெம்பு குறைந்துபோன நேரத்தில் கடினமான பாதியைச் செலுத்த வேண்டியிருக்கும்.

காற்றை அளக்கக் கருவி வேண்டாம். நீர்ப்பரப்பில் ஆங்காங்கே வெள்ளை நுரை எழுந்து உடையத் தொடங்கினால் காற்று மணிக்கு 12 முதல் 19 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. அந்த வெள்ளை அடிக்கடி தெரிந்தால் 20-ஐத் தாண்டிவிட்டது. புதிதாகக் கயாக் எடுத்தவர் முதல் நிலையிலேயே கரையைப் பார்த்துத் திரும்ப வேண்டும். கரையிலிருந்து நீரை நோக்கி வீசும் காற்று இதைவிட ஆபத்தானது. மரங்களும் மேடும் மறைப்பதால் கரையோரம் கண்ணாடி போலத் தெரியும். ஐந்நூறு மீட்டர் போனபின்தான் அது உங்களைத் தள்ளிக்கொண்டு போவது புரியும். அப்படிப்பட்ட நாளில் நான் நின்றுகொண்டு தூண்டில் வீசக்கூடிய கரையைத் தேடிக்கொள்வேன்.

எஞ்சின் படகுக்கு இந்தக் கவலை குறைவு. இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு பத்துக் குதிரைத்திறன் எஞ்சின் மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் போகும். கருமேகம் தெரிந்ததும் கிளம்பிவிடலாம். ஆனால் அந்த எஞ்சின் நின்றுபோனால், படகைக் கையால் செலுத்துவது கயாக்கைச் செலுத்துவதைவிடப் பல மடங்கு கடினம். பக்கச் சுவர் உயரம், அடி அகலம், எடை அதிகம். ஆகவே எஞ்சின் படகில் ஒரு ஜோடித் துடுப்பும் நங்கூரமும் எப்போதும் இருக்க வேண்டும். எரிபொருளை மூன்றாகப் பிரிப்பது படகுக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு: போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, மீதி ஒரு பங்கு தொடக்கூடாதது. ஓட்டுபவர் விழுந்தால் இழுபட்டு எஞ்சினை நிறுத்தும் கயிற்றை மணிக்கட்டிலோ மேலங்கியிலோ மாட்டிக்கொள்வதைச் சோம்பலால் விடுபவர்கள் உண்டு. ஓட்டுபவர் தவறி விழுந்தால், ஆளில்லாத படகு வட்டமடித்து அவர் மேலேயே திரும்பி வரும். மாட்டிக்கொள்ள இரண்டு நொடிதான் ஆகும்.

தட்டை அடிப் படகு ஆழமில்லாத அமைதி நீருக்கு அருமை, நின்று மீன்பிடிக்கவும் வசதி. அலை வந்தால் அடி நீரில் அறையும், ஒவ்வோர் அறையையும் முதுகெலும்பு எண்ணும். திறந்த நீரிலோ பெரிய ஏரியிலோ போகிறவர் முன்பக்கம் கூர்ந்து ஆழமான அடியுள்ள படகையே பார்க்க வேண்டும்.

தூக்குவது, இறக்குவது

விளம்பரத்தில் கயாக்கின் எடை என்று போடுவது பெரும்பாலும் வெறும் உடலின் எடை. இருக்கையையும், காலால் மிதித்துச் செலுத்தும் வகையானால் பெடல் பொறியையும் சேர்த்துக் கேளுங்கள். துடுப்புக் கயாக் 30 முதல் 40 கிலோ இருக்கும். பெடல் கயாக் எல்லாம் சேர்ந்து 50-ஐத் தாண்டுவது சாதாரணம். கடையில் இரண்டு பணியாளர்கள் சிரித்துக்கொண்டே தூக்கிக் காட்டுவார்கள். நீங்கள் தனியாக, ஈரக் கையோடு, களைப்போடு தூக்க வேண்டும். கடையிலேயே தனியாகத் தூக்கிப் பாருங்கள்; வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கார் மேல் ஏற்ற ஒரு வழி: கயாக்கைக் காருக்குப் பின்னால் நேராக வைத்து, காரின் பின்விளிம்பில் ஒரு ரப்பர் பாயை விரியுங்கள். முன்முனையை மட்டும் தூக்கி அந்தப் பாயின் மேல் சாய்த்து வையுங்கள். பிறகு பின்முனைக்குப் போய் அதைத் தூக்கி முன்னால் தள்ளுங்கள். எந்த நேரத்திலும் பாதி எடைதான் உங்கள் கையில் இருக்கும். இருக்கை, பெட்டி, பெடல் பொறி எல்லாவற்றையும் முன்பே கழற்றிவிட வேண்டும். பட்டையை இறுக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்காதீர்கள். வெயிலில் பிளாஸ்டிக் இளகிப் பள்ளம் விழும்.

படகுக்கு டிரெய்லர் வேண்டும், அதை இழுக்கும் வண்டி வேண்டும், நீரில் இறக்கச் சரிவுத்தளம் வேண்டும், வீட்டில் நிறுத்த இடம் வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் படகு மாதக்கணக்கில் தார்ப்பாய்க்குள் தூங்கும். கயாக்குக்கு நாலடி மணல் இருந்தால் போதும். சிறு சக்கர வண்டியில் வைத்து இழுத்துப் போய்விடலாம். அதுபோக, கயாக் ஒரு சாண் ஆழத்தில் மிதக்கும். அவுட்போர்டு எஞ்சினின் விசிறி சுழல முழங்கால் அளவாவது நீர் வேண்டும். நாணலுக்கு நடுவிலும் மரம் சாய்ந்த ஓரத்திலும் மீன் நிற்கும் இடங்களுக்குப் படகுக்காரர் தூரத்திலிருந்து வீசிப் பார்க்க வேண்டியதுதான். இதைச் சொன்னால் என் மைத்துனர், "நீ அங்கே போய்ச் சேர்வதற்குள் நான் நான்கு இடம் பார்த்துவிடுவேன், மச்சான்" என்பார். அவர் சொல்வதும் சரிதான்.

எத்தனை பேர் வருகிறீர்கள்

குழந்தையோடு போகிறவர், வயதான தந்தையை அழைத்துப் போகிறவர் இதற்குமேல் யோசிக்கவே வேண்டாம்: படகு. இருவர் உட்காரும் கயாக்குகள் உண்டு என்றாலும் இரண்டு பேர் இரண்டு திசையில் தூண்டில் வீச அதில் இடம் போதாது. முன்னால் இருப்பவரின் முதுகும் பின்னால் இருப்பவரின் தூண்டில் முள்ளும் சீக்கிரம் அறிமுகமாகிவிடும்.

தனியாகப் போகிறவர், வாரநாளிலும் வேலைக்கு முன் ஒரு மணி நேரம் கிடைத்தால் போகிறவர், கயாக்கை எடுங்கள். தனி ஆளாகப் படகை இறக்கி ஏற்றுவதில் அந்த ஒரு மணி நேரம் போய்விடும்.

கயாக்கின் தாங்கு எடை 180 கிலோ என்று எழுதியிருந்தால் அதில் மூன்றில் இரண்டு பங்கோடு நிறுத்திக்கொள்வது என் வழக்கம். அதற்குமேல் போனால் அடியிலுள்ள வடிகால் துளைகள் வழியாக நீர் ஏறி இருக்கையை நனைக்கும், கயாக் திரும்புவதும் மந்தமாகும். உங்கள் எடை, நீர், ஐஸ் பெட்டி, நங்கூரம் எல்லாம் இதில் அடக்கம். மின்மோட்டார் வைக்க ஆசைப்பட்டால் பேட்டரியையும் கூட்டுங்கள்: 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி கிட்டத்தட்ட 30 கிலோ, அதே அளவு லித்தியம் 12 கிலோ அளவில் இருக்கும். முழு வேகத்தில் 50 ஆம்பியர் இழுக்கும் மோட்டாருக்கு லித்தியம் இரண்டு மணி நேரம் வரும். ஈய பேட்டரியைப் பாதிக்குமேல் வடிய விட்டால் அதன் ஆயுள் குறையும், ஆகவே ஒரு மணி நேரம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் பொருத்தினால் பல நாடுகளில் கயாக்கையும் பதிவு செய்ய வேண்டியிருக்கும். வாங்கும் முன் விசாரித்துவிடுங்கள்.

பெடல் பற்றி ஒரு வார்த்தை. ஹோபி நிறுவனம் 1997-இல் மிதித்தால் அடியில் இரண்டு துடுப்புச் சிறகுகள் அசையும் பொறியைக் கொண்டுவந்தது. இப்போது சைக்கிள் போல மிதித்து விசிறியைச் சுழற்றும் வகையும் பரவலாகக் கிடைக்கிறது. கை ஓய்வாக இருப்பதால் காற்றில் கயாக்கை ஒரே இடத்தில் நிறுத்திக்கொண்டே மீன்பிடிக்கலாம். பாசி அடர்ந்த நீரில் விசிறி சிக்கிக்கொள்ளும். முழங்கால் வலி இருப்பவர் மிதித்துப் பார்க்காமல் வாங்கக்கூடாது. முதுகுவலி இருப்பவர் துடுப்பு வகையையே தவிர்க்கலாம்.

"நின்று வீசலாம்" என்ற விளம்பரத்தை முழுதும் நம்பவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். 85 சென்டிமீட்டர் அகலமுள்ள தட்டை அடிக் கயாக்கில் அமைதி நீரில் நிற்க முடியும். அப்படிப்பட்ட அடி முதலில் அசையாமல் நம்பிக்கை தரும். ஓர் எல்லையைத் தாண்டியதும் சொல்லாமல் கவிழும். மீன் மாட்டியதும் உட்கார்ந்துவிடுங்கள். கோலை முன்பக்கமாக வைத்து, மீன் இழுக்கும் திசைக்குக் கயாக்கின் முன்முனை தானாகத் திரும்ப விடுங்கள். பெரிய மீன் கயாக்கையே இழுத்துக்கொண்டு போய்க் களைத்துவிடும். வலையில் அள்ளும்போது கையை நீட்டுங்கள், தலையை நீட்டாதீர்கள். தலை கயாக்கின் விளிம்பைத் தாண்டி வெளியே போனால் உடம்பும் பின்னாலேயே போகும். நங்கூரத்தையும் பக்கவாட்டில் கட்டக்கூடாது, முன்முனையிலோ பின்முனையிலோதான். ஓட்டமுள்ள நீரில் பக்கத்தில் கட்டிய கயிறே கயாக்கைக் கவிழ்க்கப் போதும்.

கயாக்கில் விழுவது நடக்கக்கூடியது என்று வைத்துக்கொண்டு, மறுபடி ஏறும் பயிற்சியை இடுப்பளவு நீரில் முதலிலேயே செய்துவிடுங்கள். கவிழ்ந்ததை நிமிர்த்துங்கள், நடுவில் இரண்டு பக்கமும் பிடித்து, காலை உதைத்து வயிற்றால் குறுக்கே படுங்கள், உடம்பைப் புரட்டி இடுப்பை இருக்கையில் வையுங்கள், பிறகு கால்களை உள்ளே எடுங்கள். இது வரவில்லை என்றால் கயாக் இப்போதைக்கு உங்களுக்கு வேண்டாம். படகாக இருந்தாலும் உயிர்காப்பு மேலங்கி உடம்பில் இருக்க வேண்டும், இருக்கைக்கு அடியில் அல்ல. அமெரிக்கக் கடலோரக் காவல் படை ஆண்டுதோறும் வெளியிடும் விபத்துக் கணக்குகளில், மூழ்கி இறந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் அதை அணியாதவர்கள். குளிர்ந்த நீர் என்றால் இது இன்னும் கண்டிப்பு: விழுந்த முதல் நிமிடம் மூச்சு கட்டுக்குள் இருக்காது, பத்து நிமிடத்துக்குள் கைவிரல்கள் சொன்னபடி கேட்காது.

கழுவுவதில் போட்டியே இல்லை. கயாக்குக்கு ஒரு வாளி நீர் போதும், பிறகு நிழலில் பக்கவாட்டாகச் சாய்த்து வைத்துவிடலாம். உப்பு நீரில் போன எஞ்சினுக்கு ஒவ்வொரு முறையும் நன்னீர் ஓட்டி உட்புறத்தைக் கழுவ வேண்டும்; எண்ணெய், குளிர்விக்கும் பம்பின் ரப்பர் விசிறி, உலோக அரிப்பைத் தடுக்கும் துத்தநாகத் துண்டு என்று ஒரு பட்டியல் காத்திருக்கும். எஞ்சினோடு மல்லுக்கட்டுவதே இன்பம் என்பவர்களும் இருக்கிறார்கள், என் மைத்துனர் அந்த ரகம்.

கார் மேல் ஏற்றவும் முடியாது, டிரெய்லருக்கு இடமும் இல்லை என்றால் காற்றடைக்கும் படகு ஒரு நடுவழி. மடித்துப் பையில் வைக்கலாம், சிறு மோட்டாரும் பொருத்தலாம். ஆனால் அது காற்றில் அலைபாயும்; மீனின் கூர்மையான துடுப்பு முள்ளும் தூண்டில் முள்ளும் அதற்குப் பகை.

பழையதை வாங்குவதானால்

கயாக்கைக் கவிழ்த்துப் பாருங்கள். பின்முனையின் அடி, தரையில் இழுத்து இழுத்துத் தேய்ந்திருக்கும். விரலால் அழுத்தினால் உள்ளே அமுங்கும் அளவு மெலிந்திருந்தால் விட்டுவிடுங்கள். அடுத்து வடிகால் துளைகள். டார்ச் அடித்து ஒவ்வொரு துளையின் உள்சுவரையும் பாருங்கள், மயிரிழை வெடிப்புகள் அங்கேதான் ஒளிந்திருக்கும். உள்ளே நீர் குலுங்கும் சத்தம் கேட்கிறதா என்று ஆட்டியும் பாருங்கள்.

அலுமினியப் படகுக்கு இன்னொரு சோதனை. டிரெய்லரில் இருக்கும்போதே வடிகால் திருகை மூடி, தரைப்பலகை நனையும் அளவுக்கு உள்ளே நீர் ஊற்றுங்கள். அதற்குமேல் ஊற்றினால் டிரெய்லர் தாங்காது. படகின் அடியைத் துடைத்துவிட்டுக் கால் மணி நேரம் காத்திருந்து, கீழே குனிந்து ஆணி வரிசைகளைப் பாருங்கள். கசியும் ஒவ்வோர் ஆணியிலும் ஒரு சொட்டு தொங்கும். ஒன்றிரண்டு என்றால் அடைத்துவிடலாம், வரிசையாகத் தொங்கினால் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். எஞ்சின் மாட்டியிருக்கும் பின்பலகையை, எஞ்சினைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிச் சோதியுங்கள். பலகை வளைந்து கொடுத்தால் உள்ளே மரம் உளுத்திருக்கிறது. எஞ்சினைக் கிளப்பச் சொல்வதற்கு முன் அதன் மூடி மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் விற்பவர் நீங்கள் வருமுன்னே ஒருமுறை ஓட்டிவிட்டார், குளிர்ந்த நிலையில் அது எப்படிக் கிளம்பும் என்பது மறைந்துவிட்டது. இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, அந்த நாளில் சொல்லாமல் அரை மணி நேரம் முன்னதாகப் போங்கள். குளிர்விக்கும் நீர் கொடுத்து எஞ்சின் ஓடத் தொடங்கியதும் பின்னால் சிறு துளையிலிருந்து நீர்த்தாரை தொடர்ந்து பீய்ச்ச வேண்டும். வராவிட்டால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். கடைசியாக டிரெய்லரின் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுழற்றுங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங் போய்விட்டது. அதை மாற்றித் தரும்வரை பணத்தை எடுக்காதீர்கள்.