டைனிங் டேபிள் வாங்கும்போது நாற்காலியை மறந்துவிடாதீர்கள்

கடையின் பெரிய ஹாலில் ஆறு பேர் மேசையும் அடக்கமாகத்தான் தெரியும். அதையே வேலூரில் சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ ஒரு 8 அடி அகல அறையில் போட்டுப் பார்த்தால்தான் சங்கதி புரியும். மேசை 3 அடி அகலம் என்றால் இரண்டு பக்கமும் மிஞ்சுவது 30 அங்குலம். நாற்காலியை இழுத்து உட்கார அது சரியாகப் போகும். பின்னால் சாம்பார் வாளியோடு போய்ப் பரிமாற 42 அங்குலமாவது வேண்டும். இடத்தைத் தின்பது மேசையல்ல, இழுத்துப் போட்ட நாற்காலி. இடம் போதாத வீட்டில், சுவர்ப்பக்கம் மேசைக்கடியில் தள்ளிவிடக்கூடிய பெஞ்சு போடுங்கள். வாங்குமுன் பழைய செய்தித்தாளை மேசை அளவுக்கு ஒட்டித் தரையில் விரித்து, சுற்றிலும் வீட்டு நாற்காலிகளைப் போட்டு இரண்டு நாள் புழங்கிப் பாருங்கள்.

மேசை ஓரத்தில் ஆளுக்கு 24 அங்குலம் என்று கணக்கு. தலைவாழை இலை போடும் வீட்டுக்கு அதுவும் நெருக்கம்தான்.

மேசையை ஓரிடத்திலும் நாற்காலியை வேறிடத்திலும் வாங்குவது அடுத்த தவறு. மேசை 30 அங்குல உயரம், இருக்கை 18 அங்குலம், இடைவெளி 12 என்பதுதான் பொருத்தம். கையால் பிசைந்து சாப்பிடுகிற நமக்கு இது ரொம்ப முக்கியம். இருக்கை தாழ்ந்தால் முழங்கை மேலே ஏறி, ரசம் மணிக்கட்டில் வழியும். குஷன் இருக்கை ஆள் உட்கார்ந்ததும் அமுங்கும். அமுங்கிய பிறகுதான் அளக்க வேண்டும். காலை மடக்கி உட்காரும் பெரியவர்கள் இருந்தால் கைப்பிடி இல்லாத, அகலமான இருக்கையாகப் பாருங்கள்.

மரத்துக்கு வருவோம். வேலூர்க் கத்திரி வெயிலில், சரியாக உலராத மரம் சுருங்கி வெடித்துவிடும். உலர்ந்த மரமும் பருவத்துக்குத் தக்கபடி கொஞ்சம் அசையத்தான் செய்யும். அதனால் மேசைக்கு அடியில் குனிந்து பாருங்கள். மேல்பலகையைச் சட்டத்தோடு பசை போட்டு, அசையவே விடாமல் திருகியிருந்தால், சுருங்க வழியில்லாமல் பலகை நடுவில் பிளக்கும். திருகாணித் துளை நீள்வட்டமாக இருந்தால் செய்தவருக்குத் தொழில் தெரியும் என்று நம்பலாம். மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிக்கிள் போர்டு என்றால் ஓரங்களை விரலால் தடவுங்கள். ஓரப்பட்டி துளி விலகியிருந்தாலும், தினமும் ஈரத்துணியால் துடைக்கத் துடைக்கத் தண்ணீர் இறங்கி உப்பிவிடும்.

துணி இருக்கையில் ஆம்பூர் பிரியாணி எண்ணெய் பட்டால் போகவே போகாது. உறை கழற்றித் துவைக்கும்படி இருந்தால் மட்டும் வாங்குங்கள். ரெக்ஸின் சில வருஷங்களில் உரியும். ராணிப்பேட்டையும் ஆம்பூரும் தோல் பதனிடும் ஊர்கள் என்பதற்காக, இங்கே விற்கும் இருக்கையெல்லாம் தோல் ஆகிவிடாது. உறையின் மறுபக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்: நெய்த துணி தெரிந்தால் ரெக்ஸின், நார் நாராக இருந்தால் தோல்.

மார்பிள் மேல்பலகை வேண்டாம். புளியும் எலுமிச்சையும் பட்ட இடம் மங்கிப்போகும், பாலிஷ் போட்டால்தான் பளபளப்பு திரும்ப வரும். கிரானைட் தாங்கும்.