விறகு வெட்டும் செயின் சோ: வாங்குவதிலும் பேணுவதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் விறகுக்கு இன்றும் நிலையான தேவை இருக்கிறது. விறகுப் போறணையில் பாண் சுடும் பேக்கரிகள், கோயில் அன்னதானத்துக்கும் கல்யாண வீடுகளுக்கும் பெருங்கிடாரத்தில் சமைப்போர், 2022 ஆம் ஆண்டின் எரிவாயுத் தட்டுப்பாட்டில் விறகடுப்புக்குத் திரும்பி இன்னும் அதைக் கைவிடாத குடும்பங்கள் என்று வாங்குவோர் பலர். இவர்களுக்கு இறப்பர் மரத்தையும் மாமரத்துக் கிளைகளையும் துண்டு போட்டுக் கொடுப்பவர்கள் தொழில்முறைத் தரத்திலான செயின் சோவை நாடுவது நியாயமானதே. நாள்தோறும் பல மணிநேரம் ஓட வேண்டிய வேலைக்கு வீட்டு உபயோக இயந்திரம் தாக்குப்பிடிக்காது. ஆயினும் விலை கூடிய இயந்திரம் கவனக்குறைவையும் பொறுத்துக்கொள்ளும் என்று எண்ணுவதிலிருந்தே பெரும்பாலான பழுதுகள் தொடங்குகின்றன. அது கூடிய வேகத்திலும் கூடிய வெப்பத்திலும் இயங்குவது. ஆகவே சிறிய இயந்திரத்தை விடக் கூடுதலான ஒழுங்கை அது கேட்கிறது.

வாங்கும்போது நேரும் பெரிய தவறு, கடையில் இருப்பவற்றுள் ஆகப் பெரியதைத் தெரிவு செய்வதாகும். எழுபது சீசீ அளவுள்ள இயந்திரம் பாரும் (செயின் சுற்றி ஓடும் நீண்ட தகடு) செயினும் இல்லாமலே ஏறத்தாழ ஆறரைக் கிலோ நிறையுடையது. ஐம்பது சீசீ இயந்திரமோ ஐந்து கிலோ அளவில் நின்றுவிடும். காலை முதல் மாலை வரை குனிந்து நிமிர்ந்து துண்டு போடுபவரின் இடுப்பும் மணிக்கட்டும் அந்த ஒன்றரைக் கிலோவின் வேறுபாட்டை நன்றாக உணரும். விறகாக வரும் மரத்தில் பெரும்பகுதி ஓர் அடி விட்டத்தைத் தாண்டாது என்பதால், 50 முதல் 60 சீசீ வரையான இயந்திரமும் 16 அல்லது 18 அங்குலப் பாரும் போதுமானவை. அதைவிடத் தடித்த அடிமரம் எப்போதாவது வந்தால் இரு பக்கங்களிலிருந்தும் வெட்டி முடிக்கலாம். நீளமான பார் வேலையை விரைவாக்கும் என்பது தவறான நம்பிக்கை. பார் நீள நீளச் செயினில் பற்கள் கூடுகின்றன. தீட்ட வேண்டியவை கூடுகின்றன. எண்ணெய்ச் செலவு கூடுகிறது. அத்தனை பற்களையும் இழுப்பதில் இயந்திரத்தின் வலுவும் குறைகிறது.

தொழில்முறைத் தரம் என்பதை வெளிநிறம் காட்டாது. மக்னீசியக் கலப்புலோகத்தால் ஆன உட்கூடு, உட்சுவரில் கடினப் பூச்சுள்ள சிலிண்டர், கூட்டிக் குறைக்கக்கூடிய எண்ணெய்ப் பம்பி, தனித்தனியாகக் கழற்றி மாற்றக்கூடிய பாகங்கள் ஆகியவையே அதன் அடையாளங்கள். ஸ்டில், ஹஸ்க்வர்ணா போன்ற பெயர் பெற்ற தயாரிப்புகளின் நிறத்தையும் வடிவத்தையும் அப்படியே பின்பற்றிய போலிகள் உலகெங்கும் விற்பனையாகின்றன. விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் அதுவே முதல் எச்சரிக்கை. தொடர் இலக்கம் உட்கூட்டில் பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் அதைச் சரிபார்த்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும். பழைய சோனகத் தெருவின் இரும்புச் சாமான் கடைகளில் இயந்திரம் எளிதில் கிடைக்கலாம். அதற்குரிய செயின், பற்சக்கரம், காற்று வடிகட்டி ஆகியவை இரண்டு ஆண்டுகள் கழிந்தும் கிடைக்குமா என்பதை அங்கேயே விசாரிப்பவர்கள் குறைவு. உதிரிப் பாகம் கிடைக்காத இயந்திரம் எவ்வளவு நல்லதாயினும் ஒருநாள் மூலையில் கிடக்கும்.

பத்திரங்களைக் கவனிக்காமல் வாங்குவதும் பின்னர் தொல்லை தரும். 2019 ஆம் ஆண்டில் செயின் சோக்களைப் பொலிஸ் நிலையங்களில் பதிவு செய்ய வேண்டும் என்று அரசாங்கம் அறிவித்தது. ஆகவே, பாவித்த இயந்திரத்தை வாங்குபவர் பதிவுச் சான்றைக் கேட்டுப் பெறாமல் அதை ஏற்கக் கூடாது. மரத்துக்கும் சட்டம் உண்டு: 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை, அவை சொந்த வளவில் நின்றாலும், அனுமதியின்றி வெட்ட முடியாது. விறகுக்குத்தானே என்ற விளக்கம் அங்கே செல்லாது.

எரிபொருளுக்கு வருவோம். இவை இரண்டடி (டூ-ஸ்ட்ரோக்) இயந்திரங்கள். உராய்வு நீக்கும் எண்ணெய் பெற்றோலோடு கலந்தே உள்ளே போகிறது. தயாரிப்பாளர் சொல்லும் தரமான எண்ணெய்க்குப் பெரும்பாலும் 50:1 என்பதே அளவு. அதாவது 5 லீற்றர் பெற்றோலுக்கு 100 மில்லிலீற்றர் எண்ணெய். இதைக் கண்மட்டத்தில் ஊற்றுவது பெருந்தவறு. எண்ணெய் குறைந்தால் பிஸ்டன் சிலிண்டரில் உரசிக் கீறுபடும். கூடினால் கரி படிந்து தீப்பொறிப் பிளக்கும் புகைவாயும் அடைபடும். வேறொரு தவறு கரையோரத்துக்கே உரியது. முகத்துவாரம், நீர்கொழும்புப் பக்கங்களில் மீன்பிடிப் படகு இயந்திரங்களுக்கான எண்ணெய் கைக்கெட்டும் தூரத்தில் கிடைப்பதால், சிலர் அதையே செயின் சோவுக்கும் கலக்கிறார்கள். டீசீ டபிள்யூ 3 என்று குறிக்கப்பட்ட அந்த எண்ணெய் நீரால் குளிரூட்டப்படும் இயந்திரங்களுக்காக ஆக்கப்பட்டது. காற்றால் மட்டுமே குளிரும் செயின் சோவின் வெப்பத்தை அது தாங்காது. பிஸ்டன் வளையங்கள் ஒட்டிக்கொள்ளும். ஜாசோ எஃப்டி என்ற தரக்குறி உள்ள எண்ணெயைக் கேட்டு வாங்குவது பாதுகாப்பானது. ஒக்டேன் 95 பெற்றோலுக்குக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை, 92 போதும். கலந்த எரிபொருளை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. 2022 இல் வரிசையில் நின்று பழகிய நாம் பெற்றோலைக் கலன்களில் சேர்த்து வைக்கும் பழக்கத்தை இன்னும் முற்றாக விடவில்லை. அந்தப் பழைய கலவையே, எரிபொருளைக் காற்றோடு கலக்கும் காபரேட்டரில் பிசினாகப் படிந்து, இயந்திரம் இயங்க மறுப்பதற்குக் காரணமாகிறது.

பாருக்கு ஊற்றும் எண்ணெயில் காட்டப்படும் சிக்கனம் இன்னும் கவலைக்குரியது. கராஜில் வடித்தெடுத்த கழிவு எண்ணெய் இலவசமாகக் கிடைக்கிறது என்று அதையே ஊற்றுகிறார்கள். அதில் மிதக்கும் உலோகத் துகள்கள் பம்பியையும் பாரின் பள்ளத்தையும் அராவும். வேகமாகச் சுழலும் செயினில் ஒட்டி நிற்கும் பசைத்தன்மை அதற்கு இல்லை. எரிந்து பழுதான எண்ணெயில் புற்றுநோயை உண்டாக்கவல்ல சேர்மங்கள் சேர்ந்திருக்கும். அந்தத் துளிகள் வெட்டுபவரின் தோலிலும் மூச்சிலும் படுகின்றன, விறகிலும் தெறிக்கின்றன. பாண் சுடும் போறணைக்குப் போகும் விறகு அது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பாருக்கென விற்கப்படும் எண்ணெயை ஊற்றி, அது உண்மையில் செயினை அடைகிறதா என்று நாள்தோறும் பார்ப்பது அவசியம். பாரின் நுனியை வெளிறிய அட்டைக்கோ வெட்டிய மரத்தின் முகத்துக்கோ ஒரு சாண் தூரத்தில் பிடித்து இயந்திரத்தைச் சற்று வேகமாக ஓட்டினால் எண்ணெய்க் கோடு ஒன்று விழ வேண்டும்.

இனிச் செயின். இயந்திரத்துக்கு இலட்சக்கணக்கில் செலவழிப்பவர்கள்கூட ஓர் அரத்துக்குப் பணம் கொடுக்கத் தயங்குவதைக் காணும்போது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. ஏனெனில் மரத்தை வெட்டுவது செயின்தான். மழுங்கிய செயின் தன்னை ஒளிக்காது. மரத்திலிருந்து செதில்கள் விழாமல் மாவு போன்ற தூள் விழும். கையால் அழுத்தினாலன்றி பார் இறங்காது. எண்ணெய் இருந்தும் வெட்டிலிருந்து புகை எழும். இந்த நிலையில் அழுத்தி அழுத்தி வெட்டுபவர் தன் உடலையும் பாரையும் கிளச்சையும் ஒருங்கே தேய்க்கிறார்.

இன்று நாம் காணும் பல்லின் அடிப்படை வடிவம் 1947 இல் வந்தது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் மரம் வெட்டிய ஜோசப் கொக்ஸ் என்பவர், மரத்தைத் துளைக்கும் வண்டுப் புழு தன் தாடைகளால் இடமும் வலமுமாக மாறி மாறிக் கடித்து முன்னேறுவதைக் கவனித்து, அதைப் போலவே இடப்பல்லும் வலப்பல்லும் அடுத்தடுத்து அமைந்த செயினை உருவாக்கினார். தீட்டும்போது நேரும் மிகப் பரவலான தவறு இந்த அமைப்பை மறப்பதே. வலக்கைப் பழக்கமுள்ளவர் ஒரு பக்கத்துப் பற்களை நன்றாகவும் மறுபக்கத்துப் பற்களை அரைகுறையாகவும் தீட்டுவார். பற்களின் நீளம் இரு பக்கமும் வேறுபட்டதும் வெட்டு நேராக இறங்காமல் ஒரு பக்கமாக வளையும். பார் கோணிவிட்டது என்று எண்ணிப் புதிய பார் வாங்குவோரும் உண்டு. மிகக் குட்டையான பல்லைக் கண்டுபிடித்து மற்றவற்றை அதன் அளவுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில், உள்ளிருந்து வெளிநோக்கி மட்டும் அரத்தைத் தள்ள வேண்டும். குறுக்கு வெட்டுச் செயினுக்குப் பெரும்பாலும் 30 பாகைச் சாய்வு. அரத்தின் தடிப்பு செயினின் கண்ணி இடைவெளி அளவைப் பொறுத்தது: 0.325 அங்குலச் செயினுக்கு 4.8 மில்லிமீற்றர், 3/8 அங்குலச் செயினுக்குத் தயாரிப்பாளரைப் பொறுத்து 5.2 அல்லது 5.5 மில்லிமீற்றர். கையில் கிடைத்த அரத்தால் தீட்டினால் பல்லின் உட்குழிவு கெட்டுவிடும்.

பல்லுக்கு முன்னால் நிற்கும் சிறு திமிலைப் பலர் கவனிப்பதே இல்லை. பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது அதுதான். பல் தேயத் தேய அதன் உயரம் குறைகிறது. திமில் மட்டும் அப்படியே நின்றால், தீட்டிய பல்கூட மரத்தைத் தொடாது. மூன்று நான்கு முறை தீட்டிய பின் அளவுத் தகட்டை வைத்துத் தட்டை அரத்தால் அதைக் குறைக்க வேண்டும். பல்லின் முனைக்கும் திமிலுக்கும் இடையே 0.65 மில்லிமீற்றர் அளவு வேறுபாடு போதும். வேகம் வேண்டுமென்று அதற்கு மேல் அராவினால் செயின் மரத்தைப் பறித்துப் பிடித்து, இயந்திரம் வெட்டுபவரின் முகத்தை நோக்கி உதைத்தெழும் ஆபத்து கூடுகிறது.

கொழும்பில் செயினை மழுங்கடிக்கும் தனிக் காரணம் ஒன்று உண்டு. பழைய வீடுகளை இடித்து எடுத்த கைமரங்களும் துறைமுகப் பக்கமிருந்து வரும் பலகைத் தட்டுகளும் விறகாக வருகின்றன. அவற்றில் ஆணி இல்லாத முழம் அரிது. வீதியோர மரங்களிலும் விளம்பரப் பலகை அடித்த ஆணிகள் பட்டைக்குள் புதைந்திருக்கும். இத்தகைய மரத்துக்கென ஒரு பழைய செயினை ஒதுக்கி வைப்பது நல்லது. மரத்தை நிலத்தில் போட்டு வெட்டுவதும் அதே கேட்டைச் செய்யும். மணலிலோ கொங்கிறீற்றிலோ ஒரு கணம் பட்டாலே பற்களின் கூர் போய்விடும். குறுக்குக் கால்கள் நட்ட மரத் தாங்கி ஒன்றைச் செய்து, அதன்மேல் வைத்து வெட்டலாம். அப்போது இன்னொருவர் மரத்தைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டிய தேவையும் இல்லாமல் போகிறது. அவ்வாறு பிடிப்பதை எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்கக் கூடாது.

செயினின் இறுக்கத்திலும் தவறு நேர்கிறது. குளிர்ந்த செயின் பாரின் அடிப்பக்கத்தைத் தொட்டுக்கொண்டும் கையால் எளிதில் இழுபட்டும் இருக்க வேண்டும். வேலையின்போது சூடாகி நீண்ட செயினை இறுக்கிவிட்டு அப்படியே வைத்துச் சென்றால், அது குளிர்ந்து சுருங்கும்போது அச்சுத் தண்டையும் பெயாரிங்குகளையும் இழுத்துக் கெடுக்கும். ஆகவே வேலை முடிந்ததும் தளர்த்திவிட வேண்டும். தீட்டும்போதெல்லாம் பாரைத் தலைகீழாக மாற்றிப் பூட்டினால் இரு விளிம்பும் சமமாகத் தேயும். தேய்ந்த பற்சக்கரத்தில் புதிய செயினைப் போடுவது செயினுக்கு வீண் கேடு. சக்கரத்தில் அரை மில்லிமீற்றர் ஆழத்துக்குத் தடம் விழுந்திருந்தால் அதை மாற்றியாக வேண்டும். ஈரமான இறப்பர் மரத்தை வெட்டிய நாளில், பால் கலந்த தூள் மூடியின் உள்ளே அப்பிக் காய்வதற்கு முன் சுரண்டி எடுத்துவிட வேண்டும்.

காற்று வடிகட்டி அடைபட்டு இயந்திரம் திணறும்போது காபரேட்டர் திருகைத் திருப்பிச் சரிசெய்ய முயல்வது மிக விலை கூடிய தவறாக முடியலாம். திருகைத் திருப்பியதால் பெற்றோல் குறைந்து காற்றுக் கூடிய கலவையில் இயந்திரம் சிறிது நேரம் உற்சாகமாகச் சீறும். பின்னர் சூடேறி இறுகும். முதலில் வடிகட்டியைக் கழற்றித் துப்புரவு செய்து, பிளக்கின் இடைவெளி அரை மில்லிமீற்றராக இருக்கிறதா என்று பார்த்து, அதன் பிறகும் குறை தீராவிட்டால் மட்டும் பழக்கமுள்ள பழுதுபார்க்கும் பாஸிடம் கொடுப்பதே முறை.

சாரமும் செருப்புமாக நின்று செயின் சோவைப் பிடிப்பவர்களை நம் ஊரில் சாதாரணமாகக் காணலாம். செயின் பட்டதும் நூல்களை விடுவித்துப் பற்சக்கரத்தைச் சிக்கவைக்கும் பாதுகாப்புக் காற்சட்டை, மூடிய சப்பாத்து, முகத்திரை, காதுமூடி ஆகியவற்றின் விலையை இயந்திரத்தின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். இயந்திரத்தின் ஓசை நூறு டெசிபலைத் தாண்டும். காது இழந்த கேட்கும் திறன் திரும்பி வராது. பாரின் நுனியில் மேற்பாதி மரத்தைத் தொட்டால் இயந்திரம் உதைக்கும். அப்போது செயினை நிறுத்தும் பிரேக் வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு காலையும் சோதிக்க வேண்டும்.

மாதக் கணக்கில் வைத்துவிட நேர்ந்தால் தாங்கியிலுள்ள பெற்றோலை வடித்து, இயந்திரம் தானாக நிற்கும் வரை ஓட்டி, செயினையும் பாரையும் கழற்றித் துடைத்து எண்ணெய் பூசி, உப்புக்காற்று படாத இடத்தில் வைக்க வேண்டும். மீண்டும் எடுக்கும் நாளில் புதிய கலவையை ஊற்றி, செயின் கையால் தடையின்றி நகர்கிறதா என்றும் நுனியிலிருந்து எண்ணெய்க் கோடு விழுகிறதா என்றும் பார்த்த பின்னரே மரத்தில் வைக்கலாம்.